பதினாறு கம்பிகள்

பிப்ரவரி 6

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா?

போனில் பேச ஆரம்பித்தால் நாலாவது நிமிஷம் நாம் இருவரும் சண்டையில் நிற்கிறோம். அதனால்தான் கடிதம். உங்கள் கட்டிடத்தின் கீழே இருக்கும் மருந்துக்கடை அக்கா படித்துக் காட்டுவார். நீங்கள் சொல்லச் சொல்ல எழுதியும் கொடுப்பார். கேட்டுவிட்டேன், சரி என்றுவிட்டார்.

விஷயம் இது. உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்டிருந்தேனே, ஜூலையில் கிடைக்கிறது. மே மாதத்துக்குள் நான் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் உங்கள் பேத்தி கடுகுக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடம் உறுதியாகாமல் எப்படி எழுதிக் கொடுப்பேன்? இங்கே இரண்டு நர்சரிகள் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டன. முதல் இடத்தில் ஒரு மாதம் இருந்தாள், அடுத்த இடத்தில் ஒன்பது நாள். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நீங்கள் "பேசிடுவா, பேசிடுவா" என்கிறீர்கள். பேசலாம், பேசாமலும் இருக்கலாம் அப்பா. அதுவரைக்கும் பள்ளிக்கூடம் காத்திருக்க முடியாது. அங்கேயும் இடம் இல்லை என்றால் நர்ஸ் வேலையை விட்டுவிட்டு அவளோடு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

மூன்று பள்ளிகளின் விலாசம் இதனுடன் இருக்கிறது. ஒன்று பெரிய பள்ளி, ஒன்று புதியது, ஒன்று சின்னது. சின்னதைத்தான் எங்கள் டாக்டர் முதலில் சொன்னார். நேரில் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள். உங்களைத் தவிர எனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

மழையில் நனையாதீர்கள்.

உங்கள் மகள்

---

பிப்ரவரி 15

அம்மாடி,

உன் கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் சுகம். முழங்கால் மட்டும் தனியாகக் குறை சொல்லிக்கொண்டு வருகிறது, அதை யாரும் கேட்பதில்லை. கடுகு சாப்பிடுகிறாளா? மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா?

பள்ளிக்கூடம் பார்க்க என்னைச் சொன்னாயே, அது புத்திசாலித்தனம். எனக்கு எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் முப்பத்தொரு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்து கேட்டில் வாட்ச்மேனாக நின்றவன். உள்ளே நடப்பதை ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள முடியாது. அங்கே எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். பள்ளி விடும் நேரத்துக்கு கேட்டில் நிற்க வேண்டும். பிள்ளை எப்படி வெளியே வருகிறதோ அதுதான் பள்ளிக்கூடம். ஓடி வருகிறதா, நடந்து வருகிறதா, யாராவது கையைப் பிடித்து இழுத்து வருகிறார்களா, மணிக்கட்டையா விரலையா பிடித்திருக்கிறார்கள், இதையெல்லாம் பார்த்தால் போதும்.

பெரிய பள்ளிக்கு மூன்று நாள் போனேன். அங்கே மணி கரண்டில் அடிக்கிறது. எழவு வீட்டுக்கு எழுப்புகிற மாதிரி ஒரு சத்தம். கடுகுக்கு மிக்ஸி போட்டாலே காதைப் பொத்திக்கொள்வாள் என்று போனில் சொல்லியிருந்தாயே, போன வருஷம் ஆகஸ்டில். முதல் நாள் அறுபது பிள்ளைகள் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் நாள் ஒரு சின்னப் பையன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒரு டீச்சர் வந்தாள். பிடித்தது மணிக்கட்டை. மூன்றாம் நாள் அந்தப் பையன் வரவே இல்லை.

ஆபீஸிலும் கேட்டேன். அந்த கிளார்க், "அந்த மாதிரிப் பிள்ளைங்களையும் எடுப்போம் பெரியவரே, மத்தவங்களுக்குத் தொந்தரவு இல்லாம இருந்தா" என்றான். "மத்த பிள்ளைங்க யாருக்கும் தொந்தரவு பண்றதே இல்லையா?" என்றேன். பேனாவைத் திறந்து மூடினான்.

இது வேண்டாம். அடித்துச் சொல்கிறேன்.

(நான் மருந்துக்கடைக்காரி எழுதுவது: கிளார்க்கிடம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அதை எழுத மாட்டேன் என்றுவிட்டேன்.)

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

---

பிப்ரவரி 26

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் நலம். இருமல் விட்டது. கிளார்க்கை நினைத்து வார்டில் தனியாகச் சிரித்தேன், பக்கத்துக் கட்டில் பாட்டி நர்சுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

கடுகுக்கு இப்போது தாழ்ப்பாள் பைத்தியம். வீட்டில் உள்ள ஒவ்வொரு தாழ்ப்பாளையும் போட்டு, எடுத்து, போட்டுப் பார்க்கிறாள். அந்த 'டக்' சத்தத்தில் அவள் முகம் மலர்வதை நீங்கள் பார்க்க வேண்டும். போன ஞாயிறு துணி காயப்போடப் பால்கனிக்குப் போனேன். பின்னால் 'டக்'. நாற்பது நிமிஷம் நான் வெளியே, அவள் உள்ளே. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள், ரொம்ப சந்தோஷமாக. அவர் கடையிலிருந்து வந்துதான் திறந்தார். "மாமியார் கூட உன்னை இப்படி வெச்சதில்லை" என்கிறார்.

மற்ற இரண்டு பள்ளிகளும் என்ன ஆயிற்று? அந்தச் சின்னப் பள்ளியைச் சீக்கிரம் பாருங்கள்.

உங்கள் மகள்

---

மார்ச் 10

அம்மாடி,

சுகம். நீங்களும் அப்படியே என்று நினைக்கிறேன். பால்கனிக்குப் போகும்போது இனி ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு போ.

புதுப் பள்ளியைப் பார்த்தேன். தரை முகம் பார்க்கிற மாதிரி இருக்கிறது. மணி கிடையாது, பாட்டுப் போடுகிறார்கள். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு பெண் ஃபாரத்தைப் படித்துக் காட்டினாள். ஒன்பது நிபந்தனை. ஒன்று, துணைக்கு ஆள் நாங்களே வைக்க வேண்டும். இரண்டு, அந்த ஆளுக்குப் பள்ளியில் நாற்காலி கிடையாது. மூன்று, பிள்ளை அழுதால் கால் மணிக்குள் வந்து கூட்டிப்போக வேண்டும். நாலு, விழா நாளில் வரக்கூடாது. ஐந்து, குழுப் படம் எடுக்கும் நாளிலும். ஆறு, டாக்டர் கடிதம் மாதாமாதம். ஏழு, வேறு பெற்றோர் புகார் சொன்னால் இடம் போகும். எட்டு, புகார் சொன்னது யார் என்று கேட்கக்கூடாது. ஒன்பது, மேலே உள்ள எட்டையும் அன்போடு ஏற்றுக்கொள்கிறோம் என்று கையெழுத்து.

"அன்போடன்னு எழுதியிருக்கா?" என்று கேட்டேன். "ஆமா தாத்தா" என்றாள். கைநாட்டு வைக்காமல் எழுந்து வந்தேன்.

வரும் வழியில் கடைசி ரூமை எட்டிப் பார்த்தேன். உடைந்த பெஞ்சு, பழைய விளக்குமாறு, அவற்றுக்கு நடுவில் ஒரு பிள்ளையும் ஒரு ஆயாவும். அதுதான் தனிக் கவனமாம்.

சின்னப் பள்ளிக்கும் போனேன். பூட்டியிருந்தது. தெருவையும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.

அப்பா

---

மார்ச் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே சுகம். உங்கள் கால் எப்படி?

ஒன்பது நிபந்தனையையும் டாக்டரிடம் படித்துக் காட்டினேன். "உன் அப்பா என்ன வக்கீலா?" என்றார். சின்னப் பள்ளி பூட்டியிருந்தது என்றதும் அவரே அங்கே போன் போட்டார். இந்த வருஷம் ஒரு நாள் கூடப் பூட்டவில்லையாம். நீங்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டீர்களோ? அடையாளம் சொல்கிறேன். நீல கேட், உள்ளே ஒரு பெரிய மரம், எதிரே டயர் கடை. மறுபடி ஒருமுறை போங்கள் அப்பா. நாள் ஓடுகிறது.

உங்கள் மகள்

---

ஏப்ரல் 4

அம்மாடி,

நலம்.

அந்தச் சின்னப் பள்ளியைப் பற்றி விசாரித்தேன். இடம் நெருக்கடி. அதை நடத்துகிற அம்மா கொஞ்சம் கோபக்காரி என்று சொல்கிறார்கள். நமக்குச் சரிப்படாது. யோசித்துப் பார்த்தால் புதுப் பள்ளி அவ்வளவு மோசமில்லை. ஒன்பதில் நாலைந்தைப் பேசிக் குறைக்கலாம். தரை சுத்தமாக இருக்கிறது.

அப்பா

(இதில் என் சொந்த வார்த்தை ஒன்றும் இல்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். ம.க.)

---

ஏப்ரல் 12

மருந்துக்கடை அக்காவுக்கு,

நீங்களும் பிள்ளைகளும் நலமா? இந்தக் கடிதத்தை அப்பாவிடம் படிக்க வேண்டாம்.

எங்கள் அப்பா ஒன்று வேண்டாம் என்றால் அதற்குப் பதினோரு காரணம் சொல்வார், அதில் ஏழு பேருடைய முகமும் மூன்று தேதியும் இருக்கும். "சொல்கிறார்கள்" என்று பெயரில்லாத ஆட்களை அவர் இதுவரை சாட்சிக்குக் கூப்பிட்டதே இல்லை. தரை சுத்தமாக இருக்கிறது என்று அவர் சொன்னால், அது அவர் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? எனக்கு உண்மை வேண்டும்.

அன்புடன்,
தங்கச்சி

---

ஏப்ரல் 19

தங்கச்சிக்கு,

நலம். உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே.

பெரியவர் தினமும் மூன்று மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்புகிறார். என் கடைப் பையன் மருந்து கொடுக்கப் போன இடத்தில் பார்த்திருக்கிறான். நீல கேட்டுக்கு எதிரே டயர் கடை ஓரத்தில் நிற்கிறாராம். பிள்ளைகள் எல்லோரும் போகும்வரை நிற்கிறார். பிறகு தெருவைக் கடக்காமல் திரும்பி வருகிறார். வந்து என்னிடம் வலித் தைலம் வாங்குகிறார். இரண்டு மாதமாக இப்படி.

நேற்று நான் கேட்டேவிட்டேன். "அந்தப் பிள்ளைங்க எப்படி வெளிய வருதுங்க?"

தைல பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டார். "வெளிய வர மாட்டேங்குதுங்க. கூட்டிட்டுப் போக வந்தவங்கள உள்ள இழுக்குதுங்க" என்றார்.

"அப்புறம் என்ன?" என்றேன்.

காசை எண்ணி வைத்தார். உன் கடிதம் வந்ததையும் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள். ஒளிக்க எனக்கு வரவில்லை. காரணத்தை அவரே சொல்லட்டும், சொன்னால் எழுதித் தருகிறேன்.

அக்கா

---

மே 3

அம்மாடி,

நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும். என் சுகத்துக்கு இப்போது என்ன.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கடைக்காரம்மா வாசலில் "சாப்பாட்டு நேரம்" என்ற போர்டை மாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் பொய் சொன்னேன். சின்னப் பள்ளி பூட்டியிருக்கவில்லை. முதல் நாளே போனேன். கேட்டருகே, அதை நடத்துகிற அம்மா நின்று பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தாள். கைப்பையை நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முகத்தை மறக்கிற புத்தி எனக்குக் கிடையாது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் கேட்டுக்கு உள்ளே நின்றேன், அவள் வெளியே நின்றாள்.

அவளுக்கு ஒரு பையன், ஆறு வயது. எங்கள் பள்ளியில் சேர்த்து மூன்று வாரம். பெரிய சார் என்னைக் கூப்பிட்டு, "நாளையிலேர்ந்து அந்தப் பையன் உள்ள வரக்கூடாது" என்றார். சரி சார் என்றேன். மறுநாள் திங்கட்கிழமை. அவள் கேட்டாள், "ஏன்?" எனக்குத் தெரியாது என்றேன். பையனைக் கூட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள். அவன் ஒரு விரலால் கேட்டுக் கம்பியைத் தட்டித் தட்டி எண்ணினான். பதினாலு வரை எண்ணுவான், திரும்ப ஒன்றிலிருந்து. மத்தியானம் வரை நின்றுவிட்டுப் போனார்கள். செவ்வாய், புதன் அப்படியே.

வியாழக்கிழமை மழை. கேட்டை ஒட்டி எனக்கு ஒரு தகரக் கொட்டகை உண்டு, நீ சின்ன வயதில் அதில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய். "உள்ள விட வேணாம், பையன் மட்டும் இந்தக் கூரைக்குக் கீழ நிக்கட்டும்" என்று கேட்டாள். நான் முடியாது என்றேன்.

கேட்டைச் சாத்தச் சொன்னது பெரிய சார். கொட்டகையைப் பற்றி எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை அம்மாடி. அது நானாகச் செய்தது. வெள்ளிக்கிழமை அவர்கள் வரவில்லை.

உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அவளை ஒன்பது நாளில் திருப்பி அனுப்பினார்கள் என்று போனில் சொன்னாயே, அன்றைக்கு நான் கத்தி உன்னோடு சண்டை போட்டேன். அது உன் மேல் வந்த கோபம் இல்லை.

அந்த அம்மா என்னைப் பார்த்தால் கடுகுக்கு இடம் கிடைக்காது, இதுதான் என் பயம். அதனால் எதிரே நின்றேனே தவிர உள்ளே போகவில்லை. நீ கடைக்காரம்மாவுக்கு எழுதியதைக் கேட்டபிறகு, போகாமல் இருந்தாலும் இடம் கிடைக்காது என்று புரிந்தது. நேற்று தெருவைக் கடந்து, அவள் அறை வாசல் வரை போனேன்.

என்னைப் பார்த்ததும் நின்றாள். "வாங்க" என்று கூடச் சொல்லவில்லை. "எத்தனை நாள் நின்னேன்?" என்றாள்.

"நாலு நாள். திங்கள்லேர்ந்து வியாழன். கடைசி நாள் மழை. பையன் கையில காலி பிஸ்கட் டப்பா, மூடி இல்லாம. உங்க செருப்புல இடது வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தீங்க."

அவள் கைப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "அந்த ஸ்கூல்ல அப்படி எதுவும் நடக்கலன்னு சொன்னாங்க. எழுதிக் கேட்டேன், பதிவு இல்லைன்னு பதில் வந்துச்சு. நடந்ததான்னு எனக்கே சந்தேகம் வந்திருச்சு" என்றாள்.

அந்த நேரம் உள்ளேயிருந்து ஒரு ஆள் வந்தான், இருபத்தெட்டு வயது இருக்கும். கையில் வர்ணப் பெட்டிகள். அங்கேதான் வேலை பார்க்கிறான், பொருளையெல்லாம் அடுக்கி வைப்பது அவன்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் சட்டைப் பட்டனைப் பார்த்தான். "பதினாலு" என்றான்.

"பதினாறு தம்பி. ரெண்டு என் நாற்காலிக்குப் பின்னால இருந்துச்சு, உனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றேன்.

அப்படியே நின்றான். பிறகு "பதினாறு" என்றான். "பதினாறு, பதினாறு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனான். போகும்போது பெட்டிகளை ஆட்டிக்கொண்டு போனான். அவள் அவன் போவதையே பார்த்தாள். "ஒரு கணக்கு உதைக்குதுன்னா தூங்கவே மாட்டான். இருபத்திரண்டு வருஷமா பதினாலு, பதினாலுன்னு சொல்றான், எதோட கணக்குன்னு எங்களுக்குத் தெரியல" என்றாள்.

நான் செய்தது தப்பு என்றேன். கொட்டகையையும் சொன்னேன்.

"தெரியும். அதுக்கு இங்க ஃபாரம் எதுவும் இல்லை. குழந்தைக்குத்தான் இருக்கு. வயசு என்ன, என்ன பிடிக்கும், அதைச் சொல்லுங்க" என்றாள்.

"தாழ்ப்பாள் பிடிக்கும்" என்றேன். எழுதிக்கொண்டாள்.

இடம் உண்டு. பன்னிரண்டு பிள்ளைகள், நாலு டீச்சர். மணி கிடையாது. ஒரு டீச்சர் கொடியை ஆட்டுகிறாள், பார்க்கிற பிள்ளை வருகிறது, பார்க்காததைப் போய்த் தொட்டுக் கூப்பிடுகிறார்கள், விரலைப் பிடித்து. நீ சம்மதம் எழுதிக் கொடு.

என்மேல் கோபம் இருந்தால் அதையும் எழுது. கடைக்காரம்மாவிடம் ஒன்றும் விடாமல் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா

---

மே 16

அப்பாவுக்கு,

சுகம்.

உங்கள் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. ஐந்து தடவை பதில் எழுதிக் கிழித்தேன். ஒன்பது நாளில் கடுகைத் திருப்பி அனுப்பினார்கள் என்று மட்டும்தான் உங்களிடம் சொன்னேன். பத்தாம் நாளும் நான் அவளைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே நின்றேன் அப்பா. அங்கேயும் ஒரு வாட்ச்மேன் இருந்தார். உங்கள் வயதுதான். என்னைப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்குமேல் இப்போது எழுத முடியவில்லை.

சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் ஜூலை கடைசி வரை என்னை இங்கிருந்து விடமாட்டார்களாம். பள்ளி ஒன்றாம் தேதியே திறக்கிறது. அவர் ஒரு மாதம் லீவு போட்டுக் கடுகோடு அங்கே வருகிறார். வீட்டை அவர் பார்த்துக்கொள்வார். காலையில் பள்ளிக்குக் கூட்டிப்போவது நீங்கள். நான் யோசித்துத்தான் சொல்கிறேன்.

தைலத்தை விடாமல் தேயுங்கள்.

உங்கள் மகள்

---

ஜூலை 7

அம்மாடி,

நாங்கள் மூவரும் சுகம். நீ தனியாக இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளை நன்றாகச் சமைக்கிறார், உப்பு மட்டும் அவருக்கும் எனக்கும் பொதுவான பேச்சாக இருக்கிறது. என் வீட்டில் இப்போது எந்தத் தாழ்ப்பாளும் இறுகிக் கிடப்பதில்லை. போட்டுப் போட்டு எடுத்து வழவழவென்று ஆக்கிவிட்டாள் உன் மகள். என்னைக் குளியலறையில் இரண்டு தடவை வைத்துப் பூட்டினாள். கணக்கில் வை.

பள்ளி விவரம் கேட்டிருந்தாய். ஒன்றாம் தேதி ஏழே முக்காலுக்கே போய்விட்டோம். நீல கேட் திறந்திருந்தது. கடுகு வாசலில் நின்றாள். உள்ளே போகவில்லை. டீச்சர் கொடியை ஆட்டினாள், கடுகு கொடியைப் பார்த்தாள், என் விரலை விடவில்லை. பிடித்து இழுக்கலாமா என்று எனக்கே கை துடித்தது. இழுக்கவில்லை. அந்த அம்மா மரத்தடியில் நின்று பார்த்தாள், "வா" என்று ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான். பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்தோம்.

இரண்டாம் நாளும் அதேதான். மூன்றாம் நாள் டயர் கடைக்காரர் எனக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். "பெரியவரே, கேட்டு திறந்துதானே கெடக்கு, உள்ள போங்களேன்" என்றார். "அவ போகும்போது போவா" என்றேன். ஸ்டூலில் நான் உட்காரவில்லை.

நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. குடையை அவளுக்குப் பிடித்தேன். உள்ளேயிருந்து அந்தத் தம்பி ஒரு பெரிய குடையோடு வந்தான். எங்கள் இருவர் தலைக்கும் மேலே பிடித்துக்கொண்டு, எங்கள் பக்கத்தில், கேட்டுக்கு வெளியே நின்றான். மத்தியானம் வரை நின்றான். அவனுடைய அம்மா அவனைக் கூப்பிடவில்லை. நான் அவள் இருந்த பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, எனக்குத் தைரியம் வரவில்லை.

இதை நீ கேட்காமலே சொல்கிறேன்: நாலு நாளும் மூட்டு விண்ணென்று தெறித்தது. நல்லதுதான்.

பிறகு சனி, ஞாயிறு விடுமுறை. இன்று ஐந்தாம் நாள். வெயில். கடுகு வழக்கம்போல் வாசலில் நின்றாள். அப்போதுதான் கேட்டுத் தாழ்ப்பாளைப் பார்த்தாள். இத்தனை நாளும் கேட் முழுசாகத் திறந்து சுவரோடு ஒட்டிக் கிடந்ததில் அது கண்ணில் படவில்லை. இன்று காலையில் யாரோ பாதி சாத்தி வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாவைக் கேட்டால் காற்று என்கிறாள். காற்று அடிக்கவே இல்லை.

என் விரலை விட்டாள். உள்ளே போனாள். திரும்பி நின்று, இரண்டு கையாலும் கேட்டைத் தள்ளிச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். டக்.

நான் வெளியே. உன் மகள் உள்ளே நின்று என்னைப் பார்க்கிறாள், பால்கனியில் உன்னைப் பார்த்தாளே, அதே முகம். மரத்தடியில் அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "திறக்கணுமா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"வேணாம்மா. இருக்கட்டும்" என்றேன்.

கடுகு கொடியைப் பார்த்துப் போய்விட்டாள். எனக்கு உடனே திரும்பி வர மனம் வரவில்லை. ஒரு விரலால் தட்டித் தட்டி எண்ணினேன். அந்த கேட்டில் கம்பி பன்னிரண்டு. வெளியே நின்று பார்த்தால் எல்லாம் தெரிகிறது.

நீ சீக்கிரம் வந்து சேர்.

அப்பா